கிரகணமும் அம்மாவின் நாற்பது ஆண்டுகளும்



2019 டிசம்பர் 26, வியாழக்கிழமை. சுபுஹுத் தொழுகை முடித்து நான் வீடு திரும்பியபோது, எங்கள் திண்டுக்கல் வீட்டின் உள்ளறைச் சன்னல்கள் எல்லாம் சாத்தப்பட்டிருந்தன. சன்னல் இடுக்குகளில் பழைய துணிகளைச் சுருட்டி அம்மா திணித்திருந்தார்கள். அரிவாள்மனை, கத்தி, கத்தரிக்கோல், ஊசிப்பெட்டி ஆகிய அனைத்தும் ஒரு சாக்கில் கட்டப்பட்டுப் பரண் ஏறியிருந்தன. அறைக்குள் நான்கு மாதக் கர்ப்பிணியான என் மனைவி கட்டிலில் அமர்ந்திருந்தாள். அவள் பள்ளியில் உயிரியல் கற்பிப்பவள். ஆயினும் மாமியாரின் முகத்தில் இருந்த அச்சத்தைக் கண்டு, ஒரு சொல்லும் பேசாமல் அமர்ந்திருந்தாள்.

அன்று கங்கண சூரிய கிரகணம். உதகை, கோவை, கரூர், திண்டுக்கல், திருச்சி, புதுக்கோட்டை வழியாக வளையம் தெரியும் என்று பல நாட்களாகவே செய்தித்தாள்கள் எழுதி வந்தன. அறிவியல் ஆர்வலர்கள் வெளியூர்களிலிருந்தெல்லாம் எங்கள் மாவட்டத்துக்கு வந்துகொண்டிருந்தார்கள். எங்கள் வீட்டிலோ கதவடைப்பு.

"அம்மா, நாம் முஸ்லிம்கள். இந்தச் சகுனமெல்லாம் நமக்கு ஏது?" என்று கேட்டேன்.

அம்மா என்னைப் பார்க்கவில்லை. "உனக்குத் தெரியாது. நீ அப்போது பிறக்கவில்லை" என்று மட்டும் சொன்னார்கள்.

எனக்குத் தெரியும். எங்கள் குடும்பத்தில் அனைவருக்கும் தெரியும். வாய்விட்டுப் பேசியவர்தாம் எவருமில்லை.

1980 பிப்ரவரி 16. அன்றும் சூரிய கிரகணம். கர்நாடகக் கடற்கரையிலிருந்து ஆந்திரம் வழியாக ஒடிசா வரை முழுக் கிரகணமாகவும், நம் தமிழகத்தில் பகுதிக் கிரகணமாகவும் பிற்பகலில் அது தெரிந்தது. அப்போது அம்மாவுக்கு ஏழு மாதம் நிறைந்திருந்தது. இரவுச் சமையலுக்காகக் கொல்லையில் அமர்ந்து அரிவாள்மனையில் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். அதை நன்னிமா, அதாவது என் அத்தாவின் தாயார், பார்த்துவிட்டார்கள். இரண்டு மாதம் கழித்து, ஏப்ரலில், அக்கா பிறந்தார். மேலுதடு மூக்குவரை பிளந்திருந்தது.

"நீ காயை நறுக்கவில்லை, பிள்ளையின் உதட்டை நறுக்கினாய்." நன்னிமா அன்று சொன்ன இச்சொல்லை அம்மா எவரிடமும் முறையிடவில்லை. நன்னிமாவும் கொடியவரல்லர். தாம் கேட்டு வளர்ந்ததையே அவர்கள் சொன்னார்கள். மதுரையில் அறுவை சிகிச்சை செய்து உதட்டைச் சேர்த்தார்கள். ஒரு மெல்லிய தழும்பு மட்டும் எஞ்சியது. ஆனால் அக்காவைப் பெண் பார்க்க வந்தவர்கள் மூன்று முறை திரும்பிப் போனபோதும் அம்மா அடுக்களைக்குள் நின்று அழுததை நான் கண்டிருக்கிறேன். இருபத்தேழாம் வயதில் அக்காவுக்கு நல்ல இடத்தில் நிகாஹ் நடந்தது. அல்ஹம்துலில்லாஹ், இரு பிள்ளைகள். அதன் பின்னும் அம்மா அக்காவின் முகத்தை நேராக நெடுநேரம் பார்த்து நான் கண்டதில்லை.

அன்பர்களே, கிரகணம் என்பதுதான் என்ன? இதை நாம் பிறரைக் காட்டிலும் எளிதாகப் புரிந்துகொள்ள வேண்டியவர்கள். ஏனெனில் மாதந்தோறும் பிறைக்காக மேற்குத் திசையை நோக்கி நிற்கும் சமுதாயம் நாம். நிலவுக்குச் சொந்த ஒளியில்லை. அதன் ஒரு பாதி எப்போதும் சூரிய ஒளி பெற்றே இருக்கிறது. அந்த ஒளிபெற்ற பாதியில் எவ்வளவு நம்மை நோக்கியிருக்கிறதோ அவ்வளவே நமக்குப் பிறையாகவும் முழுமதியாகவும் தெரிகிறது. ஓர் அமாவாசையிலிருந்து அடுத்த அமாவாசை வரை சராசரியாக இருபத்தொன்பதரை நாள். அதனால்தான் நம் மாதங்கள் சில 29 நாளாகவும் சில 30 நாளாகவும் அமைகின்றன.

அமாவாசையன்று நிலவு சூரியனுக்கும் பூமிக்கும் இடைப்பட்ட பக்கத்தில் இருக்கிறது. அப்படியானால் ஒவ்வோர் அமாவாசையிலும் கிரகணம் ஏற்பட வேண்டுமே என்று கேட்கலாம். நிலவின் பாதை, பூமி சூரியனைச் சுற்றும் தளத்துக்கு ஏறத்தாழ 5 பாகை சாய்ந்திருக்கிறது. ஆதலால் பெரும்பாலான மாதங்களில் நிலவின் நிழல் பூமிக்கு மேலேயோ கீழேயோ விலகிச் சென்றுவிடுகிறது. அவ்விரு தளங்களும் வெட்டிக்கொள்ளும் இடத்துக்கு அருகில் அமாவாசை நிகழும்போது மட்டுமே மூன்றும் ஒரே கோட்டில் நின்று, நிழல் நம்மீது விழுகிறது. அன்றைய கிரகணமும் ரபீஉல் ஆகிர் மாதத்தின் இறுதி நாட்களிலேயே வந்தது. சந்திர மாதத்தின் நடுவில் சூரிய கிரகணம் ஏற்படவே முடியாது.

சூரியனின் விட்டம் நிலவினுடையதைப் போல ஏறக்குறைய 400 மடங்கு. அது நம்மிடமிருந்து இருக்கும் தொலைவும் ஏறக்குறைய 400 மடங்கு. ஆகவே இரண்டும் நம் கண்ணுக்கு ஒரே அளவாகத் தெரிகின்றன. ஆனால் நிலவின் பாதை சரியான வட்டமன்று; அதன் தொலைவு ஏறத்தாழ 3,63,000 கிலோமீட்டருக்கும் 4,05,000 கிலோமீட்டருக்கும் இடையே மாறுகிறது. பூமி சூரியனுக்கு மிக அண்மையில் வருவது ஜனவரி முதல் வாரத்தில். ஆதலால் அந்த டிசம்பரில் சூரியன் சற்றே பெரிதாகத் தோன்றியது. நிலவால் அதை முழுதும் மூட முடியவில்லை. எஞ்சிய விளிம்புதான் வளையம்.

இதில் நஞ்சில்லை. கிரகண வேளையில் சூரியனிலிருந்து புதிய கதிர் எதுவும் புறப்படுவதில்லை. வழக்கமாக வரும் ஒளி குறைகிறது, அவ்வளவே. ஆபத்து ஒன்றே ஒன்று: வெறும் கண்ணால் சூரியனைப் பார்ப்பது. ஒளி மங்கியிருப்பதால் உற்றுநோக்கத் தோன்றும். விழித்திரைக்கு வலியை உணரும் நரம்பு இல்லாததால், அது வெந்துபோவதும் தெரியாது. இந்த ஆபத்து கர்ப்பிணிக்கும் மற்றவருக்கும் ஒன்றுதான்.

இவற்றை எல்லாம் நான் அம்மாவிடம் சொன்னேன். தலையாட்டினார்கள், ஆனால் சன்னல் துணியை எடுக்கவில்லை. அந்நேரத்தில் அக்கா வந்து சேர்ந்தார். அடுத்த தெருவில் தையற்கடை வைத்திருக்கிறார். பரணில் சாக்கைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. எவரும் பேசவில்லை.

அப்போது என் மனைவி கட்டிலிலிருந்து மெல்லக் கேட்டாள்: "மாமி, அண்ணி பிறந்தது ஏப்ரல் மாதம்தானே?"

"ஆமாம், ஏப்ரல் நடுவில்."

"நிறைமாதத்திலா?"

"பத்து மாதமும் நிறைந்துதான்."

அவள் விரல்விட்டு எண்ணினாள். பிறகு சொன்னாள்: "குழந்தையின் மேலுதடு கர்ப்பத்தின் நான்காம் வாரத்திலிருந்து ஏழாம் வாரத்துக்குள் உருவாகி முடிந்துவிடும், மாமி. முகத்தின் இரு பக்கத்திலிருந்தும் தசை வளர்ந்து வந்து நடுவில் சேர வேண்டும். சேராவிட்டால் பிளவு. அண்ணிக்கு அது நடந்தது 1979 ஆகஸ்டில். நீங்கள் பிப்ரவரியில் கத்தரிக்காய் நறுக்கும்போது, அந்த உதடு பிளந்து ஆறு மாதம் ஆகிவிட்டது."

அம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஆகஸ்டில் நான் உண்டாகியிருப்பதே எனக்குச் சரியாகத் தெரியாதே" என்றார்கள் மெல்ல.

"அதைத்தான் சொல்கிறேன், மாமி. பல தாய்மார்களுக்குத் தெரியுமுன்பே அது முடிந்துவிடுகிறது. பரம்பரைக் கூறுகளும், வேறு பல காரணங்களும் சேர்ந்து வருவது. கிரகணமே தெரியாத ஆண்டுகளிலும், கிரகணமே தெரியாத நாடுகளிலும் இப்படிப் பிள்ளைகள் பிறந்துகொண்டுதான் இருக்கிறார்கள். இதோ, உங்கள் பேரப்பிள்ளைக்கும் உதடு உருவாகி இரண்டு மாதமாகிறது. இன்று நான் கத்தியைத் தொட்டாலும் தொடாவிட்டாலும் அதில் மாற்றமில்லை."

அக்கா சென்று அம்மாவின் அருகில் அமர்ந்தார். "அம்மா, நீங்கள் என் முகத்தைப் பார்க்கத் தயங்குவது, எனக்கு இந்தத் தழும்பு இருப்பதால்தான் என்று இத்தனை காலம் எண்ணியிருந்தேன்" என்றார். அம்மா பதில் சொல்லவில்லை. கையை நீட்டி அக்காவின் உதட்டுத் தழும்பை விரலால் தொட்டார்கள். நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். பள்ளிவாசலில் எட்டரை மணிக்குக் கிரகணத் தொழுகை என்று அறிவித்திருந்தார்கள்.

ஒவ்வொரு ரக்அத்திலும் இரண்டு ருகூஉகள் கொண்ட அந்த நீண்ட தொழுகையில் நிற்கும்போது, அத்தொழுகை தொடர்பாக நாம் அறிந்த நிகழ்ச்சியே என் நெஞ்சில் நின்றது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் மகனார் இப்ராஹீம் (ரலி) பால்குடிப் பருவத்திலேயே மரணமடைந்த நாளில் மதீனாவில் சூரிய கிரகணம் ஏற்பட்டது. கி.பி. 632 ஜனவரி 27 அன்று அங்குத் தெரிந்த கிரகணம் அதுவே என்று வானியல் கணக்கைக் கொண்டு ஆய்வாளர் பலர் கூறுவர். நபியின் மகன் இறந்ததால்தான் சூரியனும் இருண்டது என்று மக்கள் பேசினார்கள். மகனை இழந்த தந்தைக்கு அது ஆறுதலாகவும் புகழாகவும் தோன்றியிருக்கக்கூடிய பேச்சு. நபியவர்களோ அதை ஏற்கவில்லை. சூரியனும் சந்திரனும் இறைவனின் அத்தாட்சிகள் என்றும், எவருடைய இறப்புக்காகவும் பிறப்புக்காகவும் அவற்றுக்குக் கிரகணம் பிடிப்பதில்லை என்றும் எடுத்துரைத்து, தொழுமாறு பணித்தார்கள்.

எவருடைய இறப்புக்காகவும் இல்லை, பிறப்புக்காகவும் இல்லை. இதன் முற்பாதியை நாம் பலமுறை பயானில் கேட்டிருக்கிறோம். பிற்பாதி என் அம்மாவுக்காகவே சொல்லப்பட்டது போல் அன்று எனக்குத் தோன்றியது. தம் சொந்த மகனின் மரணத்தோடுகூட வானத்தை முடிச்சிட விடாத நபியின் உம்மத்தில், ஒரு தாயின் குற்றமாக வானத்தைக் காட்ட எவருக்கும் உரிமையில்லை.

தொழுது திரும்பியபோது மணி ஒன்பதே கால். அறையின் கதவு திறந்திருந்தது. மொட்டை மாடியிலிருந்து குரல்கள் கேட்டன. மேலே ஏறிப் பார்த்தேன். அம்மா வெயிலுக்கு முதுகு காட்டி நின்று, மாவுச் சல்லடையைக் கையில் உயர்த்திப் பிடித்திருந்தார்கள். தரையில், சல்லடையின் ஒவ்வொரு துளைக்கும் ஒன்றாக, நூற்றுக்கணக்கான சின்னஞ்சிறு பிறைகள் விழுந்திருந்தன. "உன் பெண்டாட்டிதான் இப்படிப் பிடிக்கச் சொன்னாள்" என்றார்கள். மனைவியும் அருகில் நின்று, தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சிறு துளை வழியே செல்லும் ஒளி, தான் புறப்பட்ட பொருளின் வடிவத்தைத் தலைகீழாக வரைந்து காட்டும். பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்து மறைந்த இப்னுல் ஹைஸம், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கிரகணத்தின் வடிவத்தைப் பற்றி ஒரு தனி நூலே எழுதி, துளை வழியே பிறை ஏன் தெரிகிறது என்று ஆராய்ந்தார். அவருடைய ஆய்வின் பொருளை, எங்கள் வீட்டு அடுக்களைச் சல்லடை அன்று தரையில் வரைந்துகொண்டிருந்தது.

ஒன்பதரை மணிவாக்கில் மெல்லிய மேகம் விலகியது. பிறைகளின் முனைகள் நீண்டு வளைந்து ஒன்றையொன்று தொட்டன. தரை முழுதும் வளையங்கள். வெயிலின் நிறம் மங்கி, காற்றில் ஒரு குளிர்ச்சி. ஏறத்தாழ மூன்று நிமிடங்கள். அம்மாவின் உதடுகள் 'சுப்ஹானல்லாஹ்' என்று அசைந்தன. அவர்கள் கை நடுங்க, அக்கா வந்து சல்லடையின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. மஃக்ரிபுக்குப் பின் நாங்கள் மீண்டும் மாடி ஏறினோம். மேற்கே மெல்லிய பிறை தெரிந்தது. முந்திய நாள் காலையில் சூரியனை மறைத்த அதே நிலவு, வானில் மணிக்கு ஏறத்தாழ அரைப் பாகை வீதம் சூரியனை விட்டு விலகி வந்து, ஜுமாதல் ஊலாவின் பிறையாக நின்றது. அம்மா துஆ ஓதினார்கள். பிறகு, "இதுவா நேற்று வந்தது!" என்று சிரித்தார்கள்.

இன்ஷா அல்லாஹ், 2027 ஆகஸ்ட் 2 அன்று நிகழும் முழுச் சூரிய கிரகணத்தின் பாதை புனித மக்கா வழியாகவே செல்கிறது. 2031 மே 21 அன்று தென்தமிழகத்தின் சில பகுதிகளில் மீண்டும் வளையம் தெரியும். அந்த டிசம்பரில் வயிற்றிலிருந்த என் மகள் அப்போது பதினோரு வயதை எட்டுவாள். அவள் நலமாகப் பிறந்தாள், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: அவள் பிளந்த உதட்டோடு பிறந்திருந்தாலும், அது கிரகணத்தின் பிழையாகவோ அவள் தாயின் பிழையாகவோ ஆகியிருக்காது.

சகோதர சகோதரிகளே, அடுத்த கிரகணம் வரும்போது உங்கள் வீட்டுக் கர்ப்பிணியை இருட்டறையில் பூட்டாதீர்கள். தொழுங்கள், திக்ரு செய்யுங்கள், சல்லடையைப் பிடித்துப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். உங்கள் குடும்பத்திலும் நாற்பது ஆண்டுகளாக வாய் திறவாமல் பழி சுமக்கும் ஒரு தாய் இருப்பாராயின், கிரகணம் வரும்வரை காத்திராதீர்கள். இன்றே அவரருகில் அமர்ந்து, மாதங்களை விரல்விட்டு எண்ணிக் காட்டுங்கள்.