ஐந்து நாற்காலிக்கு ஒரு பன்மை... நிறைய நாற்காலிக்கு வேறு பன்மை!

தாய்மொழியில் யாராவது இலக்கணப் பிழை விடுவார்களா என்று கேட்பவர்கள், பல்கேரிய மொழியைக் கொஞ்சம் எட்டிப் பார்க்கலாம். எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு பெயர்ச்சொல் வந்தால், பிறந்ததிலிருந்து அந்த மொழியைப் பேசுகிறவர்களே தடுமாறுகிறார்கள்.

சோஃபியாவில் இருக்கும் தோழி ஒருத்தியால்தான் எனக்கு இந்த மொழிமேல் ஆசை வந்தது. சமூக வலைதளத்தில் எழுதுவதையே அவள் குறைத்துக்கொண்டாள். ஒரு பதிவில் 'பத்து மாணவர்கள்' என்பதைப் பிழையாக எழுதிவிட்டாளாம். அவள் சொல்லவந்த விஷயத்தை யாரும் பேசவில்லை. "பள்ளிக்கூடம் போனதில்லையா?" என்ற கேலிதான் வந்தது.

அப்படி என்ன சிக்கல்?

பல்கேரிய மொழியில் பொருள்களுக்கும் ஆண்பால், பெண்பால் உண்டு. நாற்காலி ஆண்பால், அதன் பெயர் 'ஸ்தோல்'. நிறைய நாற்காலிகள் என்றால் 'ஸ்தோலொவே'. ஆனால், ஐந்து நாற்காலிகள் என்று எண்ணிச் சொன்னால் 'பெத் ஸ்தோலா'. பெண்பால் சொற்களுக்கு இந்தத் தொல்லை இல்லை; எண்ணினாலும் எண்ணாவிட்டாலும் ஒரே பன்மைதான்.

ஆண்பாலிலும் மனிதர்களுக்கு விலக்கு உண்டு. மாணவர்கள் எத்தனை பேர் என்றாலும் வழக்கமான பன்மையான 'ஸ்துதெந்தி'தான். 'ஸ்துதெந்தா' என்றால் பிழை. நாம் பொருள்களை 'இரண்டு' என்றும் ஆட்களை 'இருவர்' என்றும் சொல்வதுபோல, அவர்களும் பொருளுக்கு 'த்வா', ஆண்களுக்கு 'த்வாமா' என்கிறார்கள்.

பிழை எங்கே நுழைகிறது?

'த்வாமா' என்ற சொல்லே 'அடுத்து வருவது மனிதர்' என்று காட்டிக்கொடுத்துவிடும். பத்து, இருபது என்று போனால் அந்த உதவி கிடையாது. ஆளுக்கும் நாற்காலிக்கும் ஒரே எண்ணுப்பெயர்தான். வாய் பழக்கத்தில் 'தெசெத் ஸ்துதெந்தா' என்றுவிடும். என் தோழி சறுக்கியதும் இங்கேதான். நாற்காலியிலும் சறுக்கல் உண்டு. 'ஐந்து புதிய பெரிய நாற்காலிகள்' என்று நடுவில் அடைமொழிகள் புகுந்தால், எண் பின்னால் போய்விடும்; 'ஸ்தோலொவே' முன்னால் வந்துவிடும்.

இந்த 'ஆ' விகுதிக்கு ஒரு பழைய கதை இருக்கிறது. சமஸ்கிருதத்தில் இருப்பதுபோலப் பழைய பல்கேரிய மொழியிலும் ஒருமை, பன்மைக்கு நடுவே 'இருமை' இருந்தது. 'ஸ்தோலா' அந்த இருமை வடிவத்தின் மிச்சம். காலப்போக்கில் இருமை மறைந்தது. இரண்டுக்கு மட்டும் இருந்த விகுதி மூன்று, ஐந்து, நூறு என்று எல்லா எண்களோடும் ஒட்டிக்கொண்டது. ஆக, இன்றைய 'சரி'யே ஒரு காலத்தில் விதியை மீறி வளர்ந்ததுதான்!

கடைத்தெருவில் இந்த வடிவத்தை அன்றாடம் பழக்கிக்கொடுத்தது அவர்களின் நாணயமான 'லெவ்'. 'பெத் லெவா' என்று குழந்தைகூடச் சொல்லும். 2026 ஜனவரி 1 முதல் பல்கேரியா யூரோவுக்கு மாறிவிட்டது. 'எவ்ரோ' என்ற சொல்லோ, எந்த எண்ணுக்குப் பின்னாலும் மாறாமல் நிற்கக்கூடியது. அன்றாடப் பயிற்சியில் ஒன்று குறைந்தால், சறுக்கல்கள் இன்னும் கூடலாம்.

அப்போது பிழையைத் திருத்துங்கள், தப்பில்லை. ஆனால், அந்தப் பத்து மாணவர்களைப் பற்றி அவள் என்ன சொல்லவந்தாள் என்பதையும் கொஞ்சம் கேளுங்கள்.