மணலும் செம்மண்ணும்

கொழும்பிலிருந்து சிலாபம் வழியாகப் புத்தளம் செல்வோர், பாலாவிச் சந்தியில் இடப்புறம் திரும்பினால் கற்பிட்டிக் குடாநாட்டை அடையலாம். காலடியில் வெண்மணல். கடலலையும் காற்றும் குவித்த மணல் இது.

புத்தளத்துக்கு வடக்கே அருவக்காட்டிலோ நிலம் செக்கச் சிவந்திருக்கிறது. இரும்பு ஒட்சைட்டு தந்த நிறம். அதன் கீழே சுண்ணாம்புக்கல். சீமெந்துத் தொழிற்சாலைக்குச் செல்வது அதுதான். மழை மிகுந்த மலைநாட்டிலோ நீர் சுண்ணாம்புச் சத்தைக் கரைத்துச் செல்வதால் மண் அமிலத்தன்மை அடைகிறது. அதுவே தேயிலைக்கு உகந்தது.

அடியிலுள்ள பாறை, மழை, நிலத்தின் சரிவு, காலம் ஆகியவையே மண்ணை வேறுபடுத்துகின்றன. அருகருகான நிலங்களின் வேறுபாட்டைச் சிந்திக்கும்படி அல்குர்ஆனின் 13ஆம் அத்தியாயமும் நம்மைத் தூண்டுகிறது.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் பலர் கற்பிட்டியில் தஞ்சம் புகுந்தனர். மன்னாரில் நீர் தேங்கும் வயல்மண்ணில் நெல் விதைத்த கைகள், இங்கே வெங்காயத் தோட்டங்களில் கூலிக்கு உழைத்தன.

இந்த மணல் நீரைத் தாங்காது, பசளையையும் தாங்காது. இட்ட யூரியாவில் ஒரு பகுதி நைத்திரேற்றாக மாறி, உவர்நீரின் மேல் மிதக்கும் மெல்லிய நன்னீர்ப் படையைச் சேர்கிறது. கிணறுகள் பலவற்றில் அது அளவுக்கு மிஞ்சியிருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. கொதிக்க வைத்தாலும் நீங்காது, கைக்குழந்தைகளுக்கு ஆபத்தானது.

தாய்மாரே, தோட்டத்துக் கிணற்று நீரில் குழந்தைக்குப் பால்மா கரைக்காதீர்கள். விவசாயிகளே, சாணத்தையும் கூட்டெருவையும் கூட்டி, யூரியாவைக் குறைத்துச் சிறிது சிறிதாக இடுங்கள். மண்ணின் குணமறிந்து நடப்பதும் அமானிதம் பேணுவதே.