மையிட்ட கோடுகள்

சென்ற ஆண்டு என் தமக்கையாரின் மார்பகத்தில் கட்டியொன்று கண்டது. கட்டியையும் அதைச் சூழ்ந்த சிறிது சதையையும் மட்டுமே அகற்றினார்கள். காயம் ஆறியபின் கதிர்வீச்சுக்கு அழைத்தார்கள். வாரத்திற்கு ஐந்து நாளாக மொத்தம் 15 நாட்கள். கூட்டேரிப்பட்டுச் சாலைச் சந்திப்பில் நின்று, மயிலம் வழியே புதுவைக்குப் பேருந்தில் சென்று மீள வேண்டும்.

"கட்டிதான் போய்விட்டதே தம்பி, இனி நெருப்பு எதற்கு?" என்றார்கள்.

கிதாபு ஓதிய எனக்கு விடை தெரியவில்லை. மருத்துவ அம்மையாரிடம் கேட்டேன். கத்திக்கு அகப்படாத நோயணுக்கள் எஞ்சியிருக்கக்கூடும் என்றார். அமெரிக்க மருத்துவர் பெர்னார்டு ஃபிஷர் குழுவினர் 20 ஆண்டுகள் கண்காணித்து 2002இல் வெளியிட்ட கணக்கையும் கூறினார். கதிர்வீச்சுப் பெறாதோரில் நூற்றுக்கு 39 பேருக்கு அதே மார்பகத்தில் நோய் திரும்பிற்று. பெற்றோரில் 14 பேருக்கே. மார்பகம் முழுவதையும் இழந்தோர், காத்துக்கொண்டோர் இருசாராரின் ஆயுளிலும் வேறுபாடில்லை.

நான்காம் நாள் தலைவலியென்று அக்கா படுத்துவிட்டார்கள். உண்மைக் காரணம் என் மனைவி வாயிலாக இரவில்தான் தெரிந்தது. கதிர் நாள்தோறும் ஒரே இடத்தில் படுவதற்காக நெஞ்சில் மையால் கோடிட்டு, அழியாது காக்கச் சொல்லியிருந்தார்கள். அம்மையோடு குளிப்பு நிறைவேறுமா, தொழுகை கூடுமா? என்னிடம் கேட்க நாணம். ஊராருக்கெல்லாம் சட்டம் சொல்லும் தம்பி வீட்டிலேயே இருந்தும் இந்த நிலை!

"நீரைத் தடுக்கும் படலம் வேறு, தோலில் ஊறிய நிறம் வேறு. மருதாணிக் கையோடு வுளூச் செய்வதில்லையா? தேய்க்காமல் நீரை ஊற்றிக்கொள்ளச் சொல்" என்றேன். மறுநாள் புறப்பட்டுவிட்டார்கள்.

இந்தியாவில் பிறந்த ஜெயந்த் வைத்யாவும் தோழர்களும் 1998இல் லண்டனில் வேறொரு வழி தொடங்கினர். கட்டியை எடுத்த குழியிலேயே, மயக்கம் தெளியுமுன், சிறு உருண்டை போன்ற கருவியை வைத்து அரைமணி நேரம் போல் கதிர் பாய்ச்சுகிறார்கள். நோய் பெரும்பாலும் அவ்விடத்தைச் சுற்றியே திரும்புவதால் இந்த ஏற்பாடு. தொடக்கநிலைச் சிறு கட்டி உடையோரில் தெரிந்தெடுத்தவர்களுக்கே இது. அவர்களிலும் சிலருக்குப் பின்னர் வழக்கமான கதிர்வீச்சும் தேவைப்படும். இதைப் படித்தபோது எனக்கு எங்கள் பேருந்து நிறுத்தமே கண்முன் நின்றது. அலைய முடியாமலே மார்பகத்தை எடுத்துவிடச் சம்மதிக்கும் ஏழைப் பெண்களுக்கு, ஒரே நாளில் முடிகிற சிகிச்சை எவ்வளவு பெரிது!

கடைசி நாள், இனிக் கோடுகள் அழியலாம் என்றார்கள். வீடு திரும்பிய அக்கா என் மனைவியிடம், "மருதாணி அரைத்து வை, வெள்ளிக்கிழமை இட்டுக்கொள்கிறேன்" என்றார்கள்.