ஆளில்லாத படத்தில் நாம்

நம்மளை எப்போதெல்லாம் படம் பிடித்திருக்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். குடிசை எரிந்த மறுநாள் பிடித்திருக்கிறார்கள். பிணத்தைக் கிடத்திவிட்டு மாரில் அடித்துக்கொண்டு அழும் பொம்பளைகளைப் பிடித்திருக்கிறார்கள். மலக்குழியிலிருந்து தூக்கிப் போட்ட உடம்பைப் பிடித்திருக்கிறார்கள். நிவாரண அரிசிக்கு நீட்டிய கையைப் பிடித்திருக்கிறார்கள். பத்திரிகையில் நம்ம முகம் வர வேண்டுமென்றால் நம்மில் ஒருத்தர் செத்திருக்க வேண்டும், இல்லை நாம் அழுதுகொண்டிருக்க வேண்டும். அந்தப் படங்கள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவை சாட்சி. 1968 டிசம்பர் 25ஆம் தேதி இரவு கீழ்வெண்மணியில் 44 உயிர்களை எரித்தார்களே, அந்த மாதிரிக் கொடுமைகளை உலகம் மறக்காமலிருக்க சாட்சி வேண்டும். ஆனால் சாட்சியாக மட்டுமே ஒரு சனம் படத்தில் வந்துகொண்டிருந்தால், அந்தச் சனத்துக்குச் சாவைத் தவிர வேறு வாழ்க்கையே இல்லை என்று ஆகிவிடும்.

நான் பேச வந்தது வேறொரு வகைப் படங்களைப் பற்றி. ஆளே இல்லாத படங்கள். ஒரு சட்டி, ஒரு செருப்பு, ஒரு சுவர், ஒரு ஏரிக்கரை. எனக்கு எழுதத் தெம்பு கொடுத்தது இப்படிப்பட்ட படங்கள்தான் என்று சொன்னால் தோழர்கள் சிரிக்கிறார்கள். "பூவும் பழமும் மலையும் அருவியும் படம் எடுக்கிறது சோத்துக்குக் கவலையில்லாதவன் வேலை, நமக்கெதுக்கும்மா?" என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயமானதுதான். அதனால் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது.

எங்க காலனியில் மலையும் அருவியும் இருந்தது இரண்டே இடத்தில். ஒன்று, மளிகைக்கடைக் காலண்டர். பச்சைப் பசேலென்று கழனி, நடுவில் தென்னை, தூரத்தில் கோபுரம். அந்தக் கழனியில் குனிந்து நாற்று நட்டவள் யார்? படத்தில் கிடையாது. இன்னொன்று, டவுன் ஸ்டுடியோவில் தொங்கும் திரைச்சீலை. எங்க அம்மாவும் அப்பாவும் கல்யாணம் முடிந்து போய் நின்று எடுத்த படத்தில் பின்னால் ஒரு ஏரி, ஏரியில் அன்னம். அம்மா கட்டியிருப்பது இரவல் புடவை. எங்க ஊர் ஏரியில மீன் புடிக்க நம்ம சனத்துக்கு உரிமை கெடையாது. துணியில வரைஞ்ச ஏரிக்கு முன்னாடி நிக்கிற உரிமையைத்தான் காசு கொடுத்து வாங்கியிருக்கிறார்கள்.

ஆயா உயிரோடு இருந்தபோது ஒரு படம்கூட எடுக்கவில்லை. செத்தப்புறம் நாற்காலியில உக்கார வச்சு, தாடையைக் கட்டி, மாலை போட்டு எடுத்த படம்தான் இருக்கிறது. அதில் இருக்கும் முகம் ஆயாவின் முகமே இல்லை. ஆனால் அந்தப் படத்தின் ஓரத்தில், தாழ்வாரக் கூரையில், பிடி தேய்ந்த ஒரு அருவா செருகியிருக்கிறது. அது ஆயாவோட அருவாதான். கூலிக்குப் போய்வந்தால் அங்கேதான் செருகும். யார் தொட்டாலும் திட்டும். அந்த முகத்தைப் பார்க்கும்போது வராத அழுகை அருவாளைப் பார்க்கும்போது வந்துவிடும்.

ஏன் இப்படி என்று எனக்கு விளங்கியது வாக்கர் எவன்ஸ் என்ற அமெரிக்கர் 1936இல் எடுத்த படங்களைப் பார்த்தபோதுதான். அலபாமா மாநிலம், ஹேல் கவுண்டி. அடுத்தவன் நிலத்தில் குத்தகைக்குப் பருத்தி விதைத்துக் கடனிலேயே கிடந்த மூன்று வெள்ளைக்காரக் குடும்பங்கள். அவர்களின் முகங்களையும் அவர் எடுத்தார். ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது ஒரு சமையலறைச் சுவர். பலகைச் சுவரின் குறுக்கே ஒரு மரப்பட்டையை அடித்து, அதன் பின்னால் கரண்டியும் கத்தியும் முள்கரண்டியும் செருகியிருக்கிறார்கள். அவ்வளவுதான் படம். இன்னொன்றில் வெறும் மண்ணில் ஒரு சோடி பழைய பூட்ஸ். எங்க வீட்டுக் கூரையை யாரோ கடல்தாண்டிப் போய் எடுத்து வந்தது போலிருந்தது. ஜேம்ஸ் ஏஜியின் எழுத்தோடு 1941இல் அவை புத்தகமாக வந்தன. எவன்ஸ் வெளியிலிருந்து வந்தவர், எடுத்துக்கொண்டு போனவர். அந்தக் குடும்பங்களுக்கு என்ன கிடைத்தது என்ற கேள்வியை நாம் விட்டுவிட முடியாது. அதே அலபாமாவில் கறுப்பர்களின் நிலைமை இதைவிட மோசம் என்பதையும் மறக்க முடியாது. ஆனாலும் அந்தக் கரண்டிகள் யாரிடமும் இரக்கம் கேட்கவில்லை. இருக்கிறதை ஒழுங்காக வைத்துக்கொள்ளும் ஒரு கை அங்கே இருக்கிறது என்று மட்டும் சொல்கின்றன. அந்தக் கை படத்தில் இல்லாமலேயே தெரிகிறது.

அசையாத பொருள்களை வைத்துப் படம் ஆக்குவது பணக்காரர்களின் கலையாக வளர்ந்ததுதான். 17ஆம் நூற்றாண்டு ஹாலந்து ஓவியங்களில் வெள்ளிக் கிண்ணம், பாதி உரித்த எலுமிச்சை, வேட்டையாடிய பறவை என்று மேசை நிறைந்திருக்கும். என்னிடம் இதெல்லாம் இருக்கிறது பார் என்று சொல்லும் கலை அது. பிரெஞ்சுக்காரர்கள் இந்த வகைக்கு வைத்த பெயர் 'செத்த இயற்கை' என்று பொருள்படும். செத்ததைத் தூக்குகிற வேலையை நம்ம தலையில் கட்டிய சமூகத்தில் பிறந்த எனக்கு இந்தப் பெயர் ஒரு மாதிரியாக இருக்கிறது. நம்ம வீட்டுப் பொருள் எதுவும் செத்துக் கிடப்பதில்லை. முறமோ மண்வெட்டியோ ஒரு நாள் சும்மா கிடந்தால் அன்றைக்கு அடுப்பு எரியாது.

நிலக்காட்சிக்கு வருவோம். 1838இல் பாரிஸில் டாகேர் ஒரு பெரிய வீதியை மேலிருந்து படம் எடுத்தார். வண்டியும் ஆளுமாக நெரிசலான வீதி அது. ஆனால் படம் பதியப் பல நிமிடம் பிடித்ததால் நகர்ந்துகொண்டிருந்த எல்லாரும் மறைந்துபோனார்கள். வீதி வெறிச்சோடிக் கிடக்கிறது. மூலையில் ஒரு உருவம் மட்டும் தெரிகிறது. செருப்புக்குப் பாலிஷ் போட்டுக்கொள்ள ஒரு காலைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்கிறவன். அவன் காலடியில் தெளிவில்லாமல் ஒரு கரும்புள்ளி போல இருப்பது பாலிஷ் போடுகிறவன். படத்தில் பதிந்த முதல் மனிதர்கள் இவர்கள்தான் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். நின்றவன் தெளிவாக விழுந்தான். வேலை செய்தவன் கலங்கலாக விழுந்தான். வீதியில் மூட்டை தூக்கிப் போனவன், வண்டி இழுத்துப் போனவன் எவனும் விழவேயில்லை. உழைக்கிறவன் நகர்ந்துகொண்டே இருக்கிறான், அதனால் அவன் பதிவதில்லை. இது கேமராவின் தொழில்நுட்பக் குறைபாடு என்றால், வரலாற்றின் குறைபாட்டை என்னவென்று சொல்வது?

நம்ம மண்ணுக்கும் அந்தக் கேமரா சீக்கிரமே வந்தது. கம்பெனிப் படையிலிருந்த லின்னேயஸ் டிரைப் என்பவரை 1856இல் சென்னை மாகாண அரசுப் புகைப்படக்காரராக நியமித்தார்கள். மதுரைக் கோயிலையும் திருமலை நாயக்கர் அரண்மனையையும் அவர் எடுத்த படங்கள் 1858இல் தொகுதியாக வந்தன. அழகான படங்கள்தான், மறுக்கவில்லை. பெரும்பாலானவற்றில் ஆள் அரவம் இல்லை. கல்லும் வானமும் வெளிச்சமும்தான். அந்தக் கோபுரத்தைக் கேமரா பார்த்து 81 வருசம் கழித்து, 1939 ஜூலை 8ஆம் தேதிதான் நம்ம ஆட்கள் அந்தக் கோயிலுக்குள் காலடி வைக்க முடிந்தது. அந்தக் கல்லைச் சுமந்தவர்கள் யார், சுண்ணாம்பு இடித்தவர்கள் யார்? காலியான மண்டபத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த எண்ணம்தான் வரும்.

தமிழ் எம்.ஏ. படித்தபோது தொல்காப்பியப் பொருளதிகாரம் எனக்குப் பிடித்த பாடம். முதற்பொருள் என்றால் நிலமும் பொழுதும். நிலக்காட்சி எடுக்கிறவனுக்கு வேண்டியதும் இந்த இரண்டேதான், இடமும் வெளிச்சமும். கருப்பொருள் என்றால் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ். நிலத்திலிருக்கும் பொருள்கள். இந்த இரண்டையும் சரியாக வைத்தால் உரிப்பொருளான உணர்ச்சி தானாக வந்து நிற்கும். ஆளைக் காட்டாமலே ஆளின் மனசைக் காட்டும் வித்தை நம்ம மரபில் இருக்கிறது. குறிஞ்சிக்குத் தொண்டகப்பறை, முல்லைக்கு ஏறுகோட்பறை, நெய்தலுக்கு மீன்கோட்பறை என்று பரீட்சைக்கு மனப்பாடம் செய்தோம். எல்லா நிலத்துக்கும் பறை உண்டு. அந்தப் பறையைத் தோளில் மாட்டியவனுக்கு மட்டும் எந்த நிலமும் சொந்தமில்லை. பாடம் நடத்தியவர் அந்த வரியை வேகமாகத் தாண்டிப்போனார். எங்க தாத்தாவின் பறை அப்போது எங்க வீட்டுச் சுவரில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

இந்த மரபை யார் திரும்ப எடுத்துக்கொள்வது என்று யோசித்துக்கொண்டிருந்த சமயத்தில்தான் டவூட் பே என்ற கறுப்பினக் கலைஞரின் படங்கள் கிடைத்தன. 1953இல் நியூயார்க்கில் பிறந்தவர். 1970களில் ஹார்லெம் தெருக்களில் தன் சனங்களின் முகங்களை எடுத்தவர். முகம் முகமாக எடுத்துக்கொண்டிருந்த அந்த மனுசன் 2017இல் ஒகையோ மாநிலத்தில் ஒரு முகம்கூட இல்லாத படங்களை எடுத்தார். அடிமைகள் தெற்கிலிருந்து தப்பி ஓடிய வழி அது. 1850இல் வந்த சட்டப்படி, அடிமைமுறை இல்லாத மாநிலத்தில் பிடிபட்டாலும் பிடித்து எசமானிடமே அனுப்பலாம். அதனால் ஈரி ஏரியைத் தாண்டிக் கனடாவுக்குப் போனால்தான் நிம்மதி. இரவில் நடப்பார்கள், பகலில் ஒளிந்திருப்பார்கள். பே அந்த இடங்களைப் பகலில்தான் எடுத்தார். ஆனால் நடுராத்திரி போல இருட்டாக அச்சிட்டார். ஒரு வேலி, வேலிக்குப் பின்னால் ஒரு வீடு. அந்த வீட்டில் இருப்பவன் நல்லவனா, நாயை ஏவி விடுபவனா என்று தெரியாது. கடைசியில் கறுத்த ஏரியும் வானமும். உற்றுப் பார்த்தால்தான் எதுவும் தெரியும். கொஞ்ச நேரத்தில் நாம் படத்தைப் பார்க்கிறவர்களாக இல்லை, மரத்துக்குப் பின்னால் மூச்சடக்கி நிற்கிறவர்களாக ஆகிவிடுகிறோம். 2018இல் இந்தப் படங்களைக் கிளீவ்லாந்தில் ஒரு பழைய தேவாலயத்தில் வைத்தார்கள். தப்பி ஓடியவர்களுக்கு அடைக்கலம் கொடுத்ததாகச் சொல்லப்படும் தேவாலயம் அது.

இருட்டு நமக்கும் பழகினதுதான். தாத்தா பகலில் ஊர்த்தெருவைத் தாண்டும்போது செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு போகும். பொழுது சாய்ந்து திரும்பும்போது காலில் போட்டுக்கொண்டே வரும். "இருட்டுல எவனுக்குடி தெரியும்? அப்ப அவரு காலு மகாராசா காலு" என்று ஆயா சொல்லிச் சிரிக்கும். அந்தத் தெருவை இருட்டில் ஒரு படம் எடுத்தால், யாருமே இல்லாவிட்டாலும், எனக்குச் செருப்புச் சத்தம் கேட்கும்.

நம்ம நிலக்காட்சிகள் எவை என்று ஒரு நாள் எண்ணிப் பார்த்தேன். தர்மபுரியில் ஒரு ரயில் பாதை. 2013 ஜூலை 4ஆம் தேதி இளவரசனின் உடல் கிடந்த பாதை. அதற்குப் பிறகு இரண்டு தண்டவாளம் தூரத்தில் ஒன்றாகச் சேர்வது போலத் தெரியும் எந்தப் படத்தையும் அழகு என்று மட்டும் என்னால் பார்க்க முடியவில்லை. உத்தப்புரத்தில் 1989இல் எழுப்பி, 2008 மே 6ஆம் தேதி ஒரு பகுதியை இடித்த சுவர். வேங்கைவயலில் 2022 டிசம்பரில் மலம் கலந்திருந்த குடிநீர்த் தொட்டி. சும்மா நாலு தூணும் ஒரு தொட்டியும்தான். தமிழ்நாட்டில் ஊருக்கு ஊர் இருக்கிற தொட்டிதான். ஆனால் அந்தப் படத்தைப் பார்த்தால் தொண்டை அடைக்கிறது. ஒரு ஆள்கூடத் தேவைப்படவில்லை. சாதி என்பது மனுசன் மனசில் மட்டும் இருப்பதில்லை. பாதையில், சுவரில், தொட்டியில், டம்ளரில் இருக்கிறது. இருக்கிற இடத்தைக் காட்டாமல் அதை எப்படி ஒழிப்பது?

அதனால்தான் எங்க இரவுப் பள்ளியில் பிள்ளைகளிடம் ஒரு வேலை கொடுத்தேன். "செல்போன்ல ஒரு படம் எடுத்துட்டு வாங்க. ஆள் இருக்கக் கூடாது. ஆனா யாரு படம்னு நான் கண்டுபுடிக்கணும்." ஒருத்தன் அவங்க அப்பாவின் துப்புரவு வேலைக் கையுறையை எடுத்துவந்தான். ஒரு கை மட்டும் கிழிந்திருந்தது. ஒருத்தி தண்ணி வராத குழாயையும் அதன் முன்னால் வரிசையாக வைத்த குடங்களையும் எடுத்தாள். "இது எங்க அத்தை கொடம், இது கெழவி கொடம்" என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். பத்தாவது படிக்கிற இன்னொருத்தி எடுத்தது எங்க சுடுகாட்டுப் பாதை. பாதை என்று சொல்லக்கூடாது, வரப்பு. கார்த்திகை மழையில் ஒரு சாவு. பாடை தூக்கினவர்கள் வரப்பில் நிற்க முடியாமல் கழனிச் சேற்றில் இறங்கி நடந்திருக்கிறார்கள். மறுநாள் காலையில் இவள் போய் எடுத்திருக்கிறாள். சேற்றில் ஆழமாகப் பதிந்த காலடிகள், அதில் நின்ற தண்ணீர், தண்ணீரில் மிதக்கும் நாலு சாமந்தி இதழ். வேறெதுவும் இல்லை.

அந்தப் படத்தை மனுவோடு சேர்த்துத் திங்கட்கிழமை மனு வாங்கும் இடத்தில் கொடுத்தோம். வாங்கிய அதிகாரி திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல ஒண்ணுமே இல்லியேம்மா. பொணம் தூக்கிட்டுப் போற மாதிரி இருந்தா குடுங்க" என்றார். "அதுக்கு அடுத்த சாவு வரைக்கும் காத்திருக்கணுமா சார்?" என்று கேட்டேன். பதில் சொல்லாமல் முத்திரை போட்டு மனு எண் கொடுத்தார். படம் எடுத்த பெண் என் பக்கத்தில்தான் நின்றாள். வெளியே வந்ததும், "அக்கா, அவருக்குப் பாக்கத் தெரியல" என்றாள். ஒரு எம்.ஏ. படிப்பு சொல்லித் தராததை அவள் ஒரு வரியில் சொன்னாள். நம்ம சாவைப் பார்க்கப் பழகிய கண்ணுக்கு நம்ம காலடி தெரியாது. அந்தக் கண்ணைப் பழக்க வேண்டியது நம்ம வேலை. எழுத்திலும் அதைத்தான் செய்யப் பார்க்கிறேன். கதையில் யாரையும் அழவைப்பதற்கு முன்னால், அவள் வீட்டுக் கூரையில் என்ன செருகியிருக்கிறது என்று எழுதுகிறேன்.

பாதை இன்னும் வரவில்லை. மனு நடந்துகொண்டிருக்கிறது. இதற்கிடையில் பிள்ளைகள் ஒரு காலண்டர் போடக் காசு சேர்க்கிறார்கள். பன்னிரண்டு மாசம், பன்னிரண்டு படம், ஒன்றிலும் ஆள் கிடையாது. காலனியில் எல்லா வீட்டிலும் மளிகைக்கடைக் காலண்டருக்குப் பக்கத்தில் மாட்டப் போகிறார்களாம். தை மாசத்துக்கு என் ஆயாவின் அருவாளைக் கேட்டு வாங்கிப் போயிருக்கிறார்கள். கார்த்திகை மாசத்துக்கு அந்தச் சேற்றுப் பாதை. "அதுக்குள்ள பாதை போட்டுட்டாங்கன்னா?" என்று ஒருத்தன் கேட்டான். "போட்டா, புதுப் பாதையை எடுத்து அடுத்த வருசக் காலண்டர்ல போட்டுக்கலாம்" என்றாள் அவள்.