சேம்பு இலையும் செவ்வாய்க்கிழமையும்

 

"உங்க பெரிய இலைச்செடிங்க எல்லாம் என்னாச்சு?"ன்னு நிறைய பேர் கேட்டுட்டீங்க. அதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க.

பத்துமலைக்குப் பக்கத்துத் தாமான்ல, நாங்க தொண்டூழியச் சாமான் வைக்கிற வீட்டு வாசல்ல அந்தச் செடிகள் இருந்தன. 2020 பி.கே.பி. காலத்துல கோயிலுக்கும் போக முடியாம, கை சும்மா இருக்க முடியாம ஆரம்பிச்சது. மலாய்க்காரங்க கெலாடின்னு சொல்ற சேம்பு வகை, மொன்ஸ்தெரா, ரெண்டு வாழை. யானைக் காது மாதிரி இலை விரிஞ்சு நிக்கும்போது மனசே குளிரும்.

போன வருசம் எங்க அக்கா ஒருத்தருக்கு டெங்கி. ஒரு வாரம் ஆஸ்பத்திரி. தட்டணுக்கள் இறங்க இறங்க நாங்க முருகனைக் கூப்பிட்டுக்கிட்டே இருந்தோம். அவர் தேறி வந்த பிறகுதான் வாசல்ல தேடினோம். பூந்தொட்டி அடித்தட்டுல கொசுப்புழு நெளியுது. சேம்புக் காம்பு தண்டோட சேருற குழியிலயும் தண்ணி தேங்கி நின்னது. ஏடிஸ் கொசுவுக்கு அந்தக் கொஞ்சத் தண்ணி போதும். அக்காவைக் கடிச்சது எங்க கொசுதானான்னு தெரியாது. ஆனா குற்றம் எங்களோடதுதான். யாரையும் குறை சொல்ல வாயில்ல.

எல்லாத்தையும் வெட்டி எறிஞ்சிடலாம்னு பாதிப் பேர். வேண்டாம்னு சொன்னது அந்த அக்காவேதான். "செடி என்ன பண்ணும்? பார்க்காத நாமதான் தப்பு"ன்னாங்க.

அதனால செடிங்க இருக்கு. முறைதான் மாறிடுச்சு. அடித்தட்டு எல்லாத்தையும் எடுத்தாச்சு. முட்டை கொசுவாக ஏழு, பத்து நாள் ஆகும். அதனால வாரம் ஒருநாள் தவறாம காம்புக் குழியில ஹோஸ் வச்சுப் பீய்ச்சி, பழைய தண்ணிய வெளியேத்துறோம். மறக்காம இருக்க, முருகனுக்கு உகந்த செவ்வாய்க்கிழமையே அந்த நாள்.

வளர்க்கிறவங்களுக்கு நாங்க பட்டுக் கத்துக்கிட்டது:

மண்ணோட தேங்காய் நார்த்தூளும் கருக்கின உமியும் கலங்க. தண்ணி நிக்காம ஓடணும். அடி இலை ஒண்ணு பழுத்தா கவலை வேண்டாம், வயசாச்சு. நாலு இலை சேர்ந்து மஞ்சளானா வேர் அழுகுதான்னு பாருங்க. உச்சி வெயில் பட்டா இலை கருகும். தூசி படிஞ்சா ஈரத்துணியால துடைங்க. சேம்பு வெட்டும்போது கையுறை போடுங்க. பால்ல இருக்கிற கால்சியம் ஆக்சலேட் அரிப்பு கொடுக்கும், சின்னப் பிள்ளைங்க வாயில வச்சா நாக்கு வீங்கும்.

ஒரு வேண்டுகோள். அழகா இருக்குன்னு மலையில இருந்து செடியைப் பிடுங்காதீங்க. சுண்ணாம்புப் பாறையில பழகினது தொட்டியில பிழைக்கிறது கஷ்டம். மலையோடது மலையிலேயே இருக்கட்டும்.

இதைப் படிச்சு முடிச்சதும் எழுந்து போய் உங்க வீட்டுத் தொட்டி அடித்தட்டை ஒருதரம் பாருங்க. அக்கா இப்போ நல்லா இருக்காங்க. செவ்வாய்க்கிழமை ஹோஸ் பிடிக்கிறதே அவங்கதான்.

வேலும் மயிலும் துணை.