ஸ்ரீராம்புரமும் பெருஞ்சக்கர வண்டியும்

பெங்களூரு மெட்ரோவின் பச்சைத் தடத்தில், சம்பிகே சாலைக்கு அடுத்த நிலையம் ஸ்ரீராம்புரம். 2014 மார்ச் 1 முதல் இவ்வழியே ரயில் ஓடுகிறது. உயரத்தே அமைந்த நிலையத்தினின்று கீழே நோக்குவோர்க்கு, மாடிமேல் மாடியாக நெருங்கிய வீடுகளும், அவற்றினிடையே நூல்போல் நுழைந்து செல்லும் சந்துகளும் தோன்றும். பின்னி, மினர்வா முதலிய ஆலைகளை நம்பி வந்த தமிழ்க் குடும்பங்களின் பேரர் வாழும் பேட்டை இது. இங்கே தமிழ்ப் பேச்சுக்கும் மல்லிகைச் சரத்துக்கும் குறைவில்லை, குறைவெல்லாம் இடத்திற்குத்தான்.

இத்தகைய சந்தொன்றில், ஆள் இடுப்பளவு சக்கரங்களுடன் மேலெழும்பி நிற்கும் மகிந்திரா தார் வண்டியைக் காண்போர் வியப்புறுவது இயல்பே. ஆயினும் நம் இளைஞர் சிலர்க்கு இதில் பெருவிருப்பம். உதிரிப்பொருள்களுக்குப் பேர்போன ஜே.சி. சாலையும் தொலைவில் இல்லை. வண்டியின் உடலை இரண்டு அங்குலம் உயர்த்தி, ஆழ்ந்த பற்களையுடைய சேற்று டயர்களைப் பூட்டி, குடகு மலைப் பக்கம் போய்வர வேண்டுமென்பது அவர்தம் கனவு. கனவுக்குச் செலவாவதோ பெரும்பாலும் வீட்டுச் சேமிப்பு. ஆகவே அதன் கணக்கைச் சற்றுப் பார்ப்போம்.

இதற்கென்றே இப்பகுதிப் பட்டறை ஒன்றிற்குச் சென்றிருந்தோம். முதிய மேஸ்திரி, தம் முன் நின்ற இளைஞரிடம் கூறியது நம் செவியிலும் விழுந்தது. “தம்பி, ஸ்பிரிங்கை உயர்த்தினால் உடம்புதான் மேலே போகும். பின் அச்சு இருந்த இடத்திலேயே இருக்கும். அதைத் தூக்குவது டயர் மட்டும்தான்.”

இது முற்றும் உண்மை. பள்ளத்திலே கல்லில் இடிபடுவது பெரும்பாலும் பின் அச்சின் நடுவிலுள்ள டிஃபரன்ஷியல் உருண்டையே. 2020இல் வெளிவந்த தாரின் ஒரு வகைக்கு உரிய டயர் அளவு 245/75 ஆர் 16. முதலெண் மில்லிமீட்டரில் அகலம். இரண்டாவது, அவ்வகலத்தில் பக்கச்சுவரின் உயரம் எத்தனை விழுக்காடு என்பது. கடைசி எண் ரிம்மின் விட்டம், அங்குலத்தில். கூட்டிப் பார்த்தால் டயரின் முழு விட்டம் 774 மில்லிமீட்டர். பலர் விரும்பும் 285/75 அளவுக்கோ 834. வேறுபாடு 60, அதில் பாதியே அச்சுக்குக் கிட்டும். ஆக, இத்தனை பாடும் மூன்று சென்டிமீட்டருக்காக!

சேற்றிலும் கல்லிலும் அம்மூன்று சென்டிமீட்டர் அரிய பொருள்தான், மறுக்கவில்லை. ஆனால் அதற்கு ஈடாகக் கொடுப்பவை பல. சக்கரம் பெரிதானபின் வேகமானி 80 காட்டுகையில் வண்டி 86க்கு ஓடும். எஞ்சினின் இழுவிசை சக்கரத்தடியில் ஏழு விழுக்காடளவு குறையும். பிரேக்கோ பழைய பிரேக்கே. அதுவே கனத்த சக்கரத்தை நிறுத்தவேண்டும். பற்களிடையே இடைவெளி மிகுந்திருப்பதால் தார்ச்சாலையைத் தொடும் ரப்பர் குறைவு. மழையில் நனைந்த ஓசூர் நெடுஞ்சாலையில் குழந்தை குட்டிகளுடன் பொங்கலுக்கு ஊர் திரும்புகையில் இது விளையாட்டன்று. உயர்த்திய வண்டி வளைவில் சாயும் இயல்பும் மிகும். முன் அச்சுத்தண்டின் மூட்டுகளும் கூடுதலாக வளைந்து விரைவில் தேயும்.

ஸ்ரீராம்புரத்தார் காணும் தொல்லை இன்னொன்று. ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்தால் பெரிய டயர் உட்புறத் தகட்டில் உரசும். உரசாமலிருக்க ஒடிப்பைக் குறைத்தால் வண்டி திரும்ப அதிக இடம் வேண்டும். ஒரே மூச்சில் திரும்பிய சந்து முனையில் மூன்று முறை முன்னும் பின்னும் போகவேண்டும். அதற்குள் பின்னால் நிற்கும் ஆட்டோக்காரர் கன்னடத்திலும் தமிழிலும் வாழ்த்துரை வழங்கி முடித்திருப்பார்.

சட்டமும் உண்டு. தயாரிப்பாளர் குறித்த விவரங்களினின்றும் பதிவுச் சான்று வேறுபடுமாறு வண்டியை மாற்றலாகாது என்பது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரி 9 அன்று இதனை வலியுறுத்திற்று. அவ்வாண்டே வந்த திருத்தம், முறையற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என வகுத்தது. விபத்து நேர்ந்தால் காப்பீட்டுத் தொகை மறுக்கப்படவும் இடமுண்டு.

சூரியநெல்லியினின்று கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டத்திற்கு ஏறும் ஜீப்புகளை அன்பர்கள் கண்டிருப்பர். கற்குவியல் என்றே சொல்லத்தக்க அப்பாதையில் தமிழ் ஓட்டுநர்கள் நாள்தோறும் செல்வது பெரும்பாலும் சாதாரண அளவுச் சக்கரங்களில்தான். தாழ்ந்த கியரும் பொறுமையும், எந்தக் கல்லின்மேல் எந்தச் சக்கரத்தை ஏற்றுவது என்னும் கணிப்புமே அவர்தம் மூலதனம். நம்மைக் கேட்டால், அவர்களுள் ஒருவரருகே ஒருநாள் அமர்ந்து பயில்வது நான்கு பெரிய டயர்களிலும் மேலென்போம்.

பட்டறையிலிருந்த இளைஞர் நெடுநேரம் எண்ணமிட்டார். பிறகு, உயர்த்தும் வேலை வேண்டாம், பழைய 245/75 அளவிலேயே சேற்றுப் பற்களுள்ள டயர் நான்கு போதும் என்றார். மேஸ்திரி பின்கதவில் தொங்கிய ஸ்டெப்னியைச் சுட்டிக்காட்டி, நான்கை அடித்து ஐந்து என்று எழுதிக்கொண்டார்.