கூரையில் ஓர் ஈரத்திட்டு

மழை ஓய்ந்ததும் மொட்டைமாடிக் கசிவு மறந்துபோகிறது. கூரையின் உட்புறம் உள்ளங்கை அளவு ஈரத்திட்டு. அடுத்த வெள்ளையடிப்பில் அதுவும் மறைந்துவிடும். உள்ளே கம்பி நனைந்துகொண்டேயிருக்கும். கான்கிரீட்டின் காரத்தன்மைதான் கம்பிக்குக் காவல். காற்றிலுள்ள கரியமில வாயு ஆண்டுக்கணக்கில் உள்ளிறங்கி அதைக் குறைக்கிறது. பிறகு ஈரம் பட்டால் துருதான். துரு, தான் தின்ற இரும்பைவிட 2 மடங்குக்கும் மேல் இடம் கேட்கும். அந்த நெருக்கலில் கம்பி ஓடும் வழியே மயிரிழை விரிசல் விழுகிறது, பழுப்புக் கறை இறங்குகிறது, தட்டினால் பொள்ளென்று ஒலிக்கிறது. இந்தக் கட்டத்தில்கூடத் துருவைச் சுரண்டிப் பூசி, மேலே தட்டோட்டு இணைப்புகளை அடைத்து, நீர்வாட்டத்தைச் சரிசெய்தால் கூரை தப்பிக்கும். வேதனை என்னவென்றால், பல வீடுகளில் கொத்தனாரைக் கூப்பிடுவதே குழந்தை தூங்கும் கட்டிலருகே காரை பெயர்ந்து விழுந்த பிறகுதான்.